வாங்கி மூடப்பட்ட வகுப்பறைகள்

'அம்புலிமாமா' நின்றுபோனதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் தொலைக்காட்சியைக் குறை சொல்வார்கள். சற்று இளையவர்கள் கைபேசியைக் குறை சொல்வார்கள். குழந்தைகள் வாசிப்பதை விட்டுவிட்டார்கள், ஆகவே இதழ் நின்றது என்பது இரு தரப்பாரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட தீர்ப்பு. இத்தீர்ப்போடு நமக்கு உடன்பாடில்லை.

1947இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய இதழ் அது. 1998இல் ஒருமுறை நின்று, ஓராண்டு கழித்து மீண்டும் எழுந்து நடந்தது. 2007இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்னும் மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. அறுபதாண்டுக் கதைகளும் ஓவியங்களும் இனிக் கணிப்பொறியில் புதுவாழ்வு பெறும் என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. பிறகு அந்நிறுவனமே கடனில் மூழ்கியது. 2013க்குப் பின் இதழ் வரவில்லை. வாசகர்கள் குறைந்திருக்கலாம், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இதழின் மூச்சு கடைசியாக நின்ற இடம் ஓர் உரிமையாளரின் கணக்குப் புத்தகம். அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க மட்டும் நம் இலக்கிய அன்பர்களில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

நம் கல்லூரியின் வணிகவியல் துறை நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "நல்லது நிற்கும், நலிந்தது விழும். குழந்தைகளுக்கான பொருளுக்கு மட்டும் சந்தை வேறு விதி வைத்திருக்குமா, ஐயா?" என்றார். அவருடைய கேள்விக்கு ஒழுங்கான பதில் தரவேண்டுமானால் கொஞ்சம் தூரம் போகவேண்டும். குழந்தைகளுக்குக் கற்பிக்கும் மென்பொருள் ஒரு தொழிலாக முதன்முதலில் செழித்ததும், நான்கைந்து ஆண்டுகளில் ஒன்றையொன்று விழுங்கிச் சரிந்ததும் அமெரிக்காவில். அந்தக் கதை தெரிந்தவர்களுக்கு நம் காலத்துக் கதை புதிதாகத் தோன்றாது.

1

1971ஆம் ஆண்டு டிசம்பர். மினியாபோலிஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில் பயிற்சி ஆசிரியராக இருந்த டான் ராவிட்ச், எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு நடத்தவேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிகள் மாட்டுவண்டிகளில் மேற்கே ஆரிகன் நோக்கிப் போன பயணம்தான் பாடம். வரைபடமும் அட்டைகளும் கொண்டு ஒரு விளையாட்டாக அதைச் செய்ய முயன்றார். உடன் தங்கியிருந்த கணித ஆசிரியர்கள் இருவர், பில் ஹைனமனும் பால் டில்லன்பர்கரும், இதைக் கணிப்பொறியில் செய்யலாமே என்றார்கள். இரண்டு வாரத்தில் நிரல் தயாரானது. அப்போது திரை கிடையாது. தட்டச்சுப்பொறி போன்ற தொலையச்சுக் கருவி ஒன்று தொலைபேசிக் கம்பி வழியே வேறோரிடத்துக் கணிப்பொறியோடு பேசி, விடையைத் தாளில் அடித்துக் கொடுக்கும். பிள்ளைகள் அதைச் சூழ்ந்து நின்று, உணவுக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு என்று சண்டையிட்டு முடிவெடுத்தார்கள்.

அரையாண்டு முடிந்ததும் ராவிட்ச் நிரலை அழித்துவிட்டார். அச்சிட்ட தாள் மட்டும் அவரிடம் இருந்தது. 1974இல் அவர் மினசோட்டா கல்விக் கணிப்பொறிக் கூட்டமைப்பில் பணியில் சேர்ந்தபோது அந்தத் தாளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார். பிறகு குடியேறிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, நோய் எத்தனை நாளுக்கொருமுறை வந்தது, வண்டி எங்கே உடைந்தது என்று கணக்கெடுத்து, விளையாட்டில் அவ்விடர்கள் அதே அளவில் நிகழுமாறு திருத்தினார். மூலத்தை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியனின் வேலை இது. தமிழ் படித்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

மெக் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அக்கூட்டமைப்பு 1973இல் மாநில அரசு உருவாக்கியது. மாநிலப் பள்ளிகள் அனைத்திற்கும் கணிப்பொறி வசதி செய்து தருவது அதன் பொறுப்பு. பிற இடத்துப் பள்ளி மாவட்டங்கள் ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால், வேண்டிய மட்டும் படியெடுத்துக்கொள்ளலாம். 'ஆரிகன் டிரெய்ல்' என்ற பெயரில் அந்த விளையாட்டு இலட்சக்கணக்கான குழந்தைகளைச் சென்றடைந்தது இப்படித்தான். அதை உண்டாக்கிய மூவருக்கும் உரிமத்தொகை என்று எதுவும் வரவில்லை. அவர்கள் அதைப் பொதுச்சொத்தாகவே கொடுத்திருந்தார்கள்.

மற்றவர்களையும் பார்ப்போம். 1980இல் லேர்னிங் கம்பெனியைத் தொடங்கிய ஆன் பீஸ்ட்ரப் ஒரு கல்வி ஆய்வாளர். கறுப்பினக் குழந்தைகளின் பேச்சுவழக்கை இடைமறித்துத் திருத்திக்கொண்டே இருக்கும் வகுப்பறையில் அவர்களின் வாசிப்பு பின்தங்குகிறது, வழக்கை மதிக்கும் வகுப்பறையில் வளர்கிறது என்று 1973இல் ஆய்வேடு எழுதியவர். 'ரீடர் ராபிட்' அந்த நிறுவனத்திலிருந்து வந்தது. 'மேத் பிளாஸ்டர்' செய்த ஜான் டேவிட்சன் ஓர் ஆசிரியை. பிராடர்பண்ட் நிறுவனம் 1985இல் 'கார்மென் சாண்டியாகோ'வை வெளியிட்டபோது பெட்டிக்குள் உலகத் தகவல் களஞ்சியம் ஒன்றையும் வைத்துக் கொடுத்தது. திருடியைப் பிடிக்கவேண்டுமானால் குழந்தை புத்தகத்தைத் திறந்தாக வேண்டும்.

இவை யாவும் மகத்தான படைப்புகள் என்று நாம் வாதிடவில்லை. 'மேத் பிளாஸ்டர்' வாய்ப்பாட்டு மனப்பாடத்தின் மேல் பூசிய வண்ணம்தான். 'ஆரிகன் டிரெய்ல்' குடியேறியின் கண்ணால் மட்டுமே நிலத்தைப் பார்த்தது. அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியைப் பூர்வகுடிகள் எழுப்பியபோதுதான் அதன் குறை தெரிந்தது. ஆனால் ஒன்று உண்மை. இவற்றைச் செய்தவர்களுக்கு ஒரு குழந்தையின் முகம் நேரில் தெரிந்திருந்தது. பிழை இருந்தால் அதைச் சுட்டிக்காட்ட ஓர் ஆசிரியரால் முடிந்தது. திருத்த ஓர் ஆள் இருந்தார்.

2

இனி வாங்கியவர்களின் கதை.

மெக் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியது, இலாபமும் ஈட்டியது. அதுவே அதற்கு வினையாக முடிந்தது. இலாபம் தரும் ஒன்றை அரசு ஏன் வைத்திருக்கவேண்டும் என்ற கேள்வி எழுந்தது. 1991இல் மினசோட்டா அதை முதலீட்டாளர் குழு ஒன்றுக்கு 52.5 இலட்சம் டாலருக்கு விற்றது. 1994இல் பங்குச்சந்தைக்கு வந்தது. 1996இல் சாஃப்ட்கீ என்ற நிறுவனம் அதே மெக்கை 37 கோடி டாலர் மதிப்பிலான பங்குகளுக்கு வாங்கியது. ஐந்தே ஆண்டுகளில் எழுபது மடங்கு. வரிப்பணத்தில் வளர்ந்த ஒன்று என்ன விலைக்குப் போயிற்று, அதன் வளர்ச்சியின் பலன் யார் மடியில் விழுந்தது என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மலிவு விலைக் குறுந்தகடுகளைக் கடைகளில் குவித்து விற்று வளர்ந்தது சாஃப்ட்கீ. பிற்காலத்தில் தொலைக்காட்சியில் முதலீட்டாளராகப் புகழ்பெற்ற கெவின் ஓலியரி அதன் நிறுவனர்களில் ஒருவர். 1995இல் லேர்னிங் கம்பெனியும் பிராடர்பண்டும் இணைவதாக ஒப்பந்தம் செய்திருந்தன. சாஃப்ட்கீ குறுக்கே புகுந்து, கூடுதல் விலை பேசி, 60.6 கோடி டாலருக்கு லேர்னிங் கம்பெனியைத் தட்டிச்சென்றது. வாங்கியதோடு நில்லாமல் அதன் பெயரையும் தனக்குச் சூட்டிக்கொண்டது. பேச்சுவழக்கை மதித்த ஓர் ஆய்வாளர் வைத்த பெயர், விலையடித்து வாங்குவதையே கலையாகக் கொண்டவர்களின் பெயர்ப்பலகை ஆயிற்று. 1998இல் அதே கை பிராடர்பண்டையும் 42 கோடி டாலருக்கு வாங்கியது. மறுபக்கம், தள்ளுபடி உறுப்பினர் திட்டங்கள் விற்றுவந்த சி.யு.சி. என்ற நிறுவனம் 1996இல் டேவிட்சனை வாங்கியது. 1997இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து செண்டன்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1998இல் அதன் பழைய கணக்குகள் பொய் என்று வெளிப்பட்டு, பங்கு விலை தரையில் விழுந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அதன் மென்பொருள் பிரிவு பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது.

விழுங்கியதை விழுங்க இன்னொன்று வரவேண்டுமே. 1999 மே மாதம் பார்பி பொம்மை புகழ் மாட்டெல், அந்த லேர்னிங் கம்பெனியைச் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கியது. அக்டோபரில் குட்டு உடைந்தது. இலாபம் வரும் என்று காத்திருந்த காலாண்டில் புதிய பிரிவு பத்துக்கோடி டாலருக்கும் மேல் நட்டம் காட்டியது. அதே ஆண்டில்தான் மெக்கின் மினசோட்டா அலுவலகம் மூடப்பட்டது. 2000 பிப்ரவரியில் மாட்டெலின் தலைவர் ஜில் பாரட் பதவி விலகினார். அவ்வாண்டு இறுதியில், கையில் ரொக்கம் எதுவும் வாங்காமல், பின்னால் வரும் வருவாயில் பங்கு என்ற பேச்சோடு, கோர்ஸ் என்னும் நிறுவனத்திடம் அதைத் தள்ளிவிட்டார்கள். 350 கோடிக்கு வாங்கிய பள்ளிக்கூடத்தை ஒன்றரை ஆண்டில் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள் என்று சொல்லலாம்.

வணிகவியல் நண்பர் இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழுப்பினார். இரண்டும் பொருட்படுத்தத் தக்கவை.

ஒன்று, இணையம் வந்ததால் குறுந்தகடு செத்தது, இதில் வாங்கியவர்மேல் பழி ஏன்? இணையம் ஒரு காரணம் என்பதை நாம் ஏற்கிறோம். ஆனால் இணையம் கொன்றிருக்கக்கூடியது தகட்டை. வேலை தெரிந்தவர்களை அன்று. புதிய ஊடகம் வரும்போது அதற்கேற்பப் புதியன செய்யத் தெரிந்த ஆசிரியர்களும் நிரலாளர்களும் ஓவியர்களும் ஒரு நிறுவனத்தின் உண்மையான சொத்து. அந்த ஊடகம் வீட்டுக்குள் முழுதாக வந்து சேர்வதற்கு முன்பே அவர்களை வெளியே அனுப்பியாயிற்று. வெள்ளம் வருமுன் படகோட்டிகளை நீக்கிவிட்டு வெள்ளத்தை நொந்துகொள்வது என்ன நியாயம்?

மற்றொன்று, விலை குறைந்தது ஏழைக் குழந்தைக்கு நல்லதுதானே? நல்லதுதான், அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று கேட்காதவரையில். நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் புத்தகம் மலிவு. படியெடுத்துக்கொள்ளலாம் என்று மெக் பள்ளிகளுக்குக் கொடுத்ததும் மலிவு. புதிதாக எழுதுவதை நிறுத்திவிட்டு, பழையதற்கு ஆண்டுதோறும் புது அட்டை போட்டு விற்பதால் வரும் மலிவை அவற்றோடு ஒன்றாக வைத்து எண்ணமுடியாது. விதைநெல்லை விற்கிறவனும்தான் மலிவாக விற்கமுடியும்.

3

இருபது ஆண்டுகள் கழித்து நம் நாட்டில் நடந்ததை விரித்துரைக்கத் தேவையில்லை. செய்தித்தாள் படிக்கும் எவரும் அறிவர். 2011இல் தொடங்கி 2015இல் செயலியாக வந்த பைஜூஸ், 2019இல் ஆஸ்மோவை வாங்கியது. 2020இல் ஒயிட்ஹேட் ஜூனியரை 30 கோடி டாலருக்கு வாங்கியது. 2021இல் குழந்தைகளுக்கான மின்னூலகம் எபிக்கை 50 கோடி டாலருக்கும், சிறுவர்க்கு நிரல் கற்பிக்கும் டிங்கரை ஏறத்தாழ 20 கோடி டாலருக்கும் வாங்கியது. 2022இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அதே ஆண்டில் தாமதமாக வெளிவந்த கணக்கு 4,500 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டியது. 2023இல் தணிக்கையாளர் விலகினார். 2024 ஜூலையில் அதன் தாய் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. வழக்குத் தொடுத்தது யார்? கிரிக்கெட் வாரியம். வீரர்களின் சட்டையில் பெயர் பொறித்ததற்கான 158 கோடி ரூபாய் பாக்கி. குழந்தைக் கல்வியை உய்விக்க வந்த நிறுவனம் கிரிக்கெட் சட்டையில் தடுக்கி விழுந்தது. 2025இல் எபிக் 9.5 கோடி டாலருக்கும், டிங்கர் வெறும் 22 இலட்சம் டாலருக்கும் கைமாறின.

அந்தப் பட்டியலில் நம்மை அதிகம் உறுத்தியது ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற மாணவர் 2001இல் தம் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது அது. வடிவியலைத் தொட்டு நகர்த்திப் பார்க்க உதவும் கருவி. உலகெங்கும் கணித ஆசிரியர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தி, ஆயிரக்கணக்கான பாடங்களைத் தாமே செய்து சேர்த்தார்கள். 2021இல் அதுவும் வாங்கப்பட்டது. இன்றும் ஆசிரியர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஆறுதல். ஆனால் ஆசிரியர்கள் உலை வைத்த பானையை யாரோ எங்கோ ஏலம் பேசலாம் என்ற நிலை எப்படி வந்தது?

நம் மாணவி ஒருத்தியின் வீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எந்தப் பெயரானாலும் கதை ஒன்றுதான். அவளுடைய தந்தை சிறுநகரத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். எட்டாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்காக ஒரு விற்பனை இளைஞர் வீடு தேடி வந்து, பையனிடம் நான்கு கணக்குக் கேட்டு, அவன் திணறியதும் தாயின் முகத்தைப் பார்த்தாராம். அந்த ஒரு பார்வையில் வியாபாரம் முடிந்தது. மாதத் தவணை, ஒரு கைக்கணினி, ஆங்கிலத்தில் பாடங்கள். ஏழாம் மாதம் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. கடனோ வேறொரு நிதி நிறுவனத்தின் பெயரில் இருந்ததால் அது மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்தது. "அப்பா இப்பவும் கட்டிட்டுதான் இருக்காருங்க ஐயா" என்றாள் அந்தப் பெண். இந்த வாக்கியத்தை எந்தக் கணக்கறிக்கையின் எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

4

இலக்கியம் படிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இது.

தமிழ்க் குழந்தை வாசிக்கக் கற்பதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. வீட்டில் 'மழ வந்துச்சு' என்கிறது. புத்தகத்தில் 'மழை வந்தது' என்றிருக்கிறது. எழுத்துக் கூட்டினால் சொல் வந்துவிடும், ஆனால் வந்த சொல் குழந்தையின் வாய்ச்சொல்லாக இருப்பதில்லை. மரம், அத்து, இல் மூன்றும் சேர்ந்து 'மரத்தில்' ஆகும்போது மரத்தின் வால் எங்கே போயிற்று என்று குழந்தை திகைக்கிறது. மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லுக்குப் படம் பொருத்தும் முயல் விளையாட்டைத் தமிழில் பெயர்த்துப் போட்டால் இந்தத் திகைப்பு தீராது. நெல்லையில் பேசும் பிள்ளைக்கும் தருமபுரியில் பேசும் பிள்ளைக்கும் அவரவர் பேச்சிலிருந்து எழுத்துக்குப் பாலம் கட்டத் தெரிந்த ஆசிரியர் வேண்டும், மொழியியல் அறிந்தவர் வேண்டும், கதைசொல்லி வேண்டும். வழக்கை மதிக்கும் வகுப்பறையில்தான் வாசிப்பு வளரும் என்று அரை நூற்றாண்டுக்கு முன் கண்டறிந்தவர் தொடங்கிய நிறுவனத்திற்கு என்ன கதி நேர்ந்தது என்பதை மேலே கண்டோம். தருமபுரிப் பிள்ளையின் 'வந்துச்சு' எந்த முதலீட்டாளரின் அட்டவணையிலும் ஏறாது. அது ஏறும் ஒரே இடம் பொதுக்கல்வி.

அப்படியோர் இடம் நம்மிடம் இல்லாமலில்லை. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. 2023இல் அரசு 'மணற்கேணி' செயலியை வெளியிட்டது. இவற்றின் குறைகளை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும், எழுதுவோம். ஆனால் நம் அச்சம் வேறு. இவை தோற்றுப்போகும் என்று நாம் அஞ்சவில்லை. வெற்றிபெற்றால் என்ன ஆகும் என்றுதான் அஞ்சுகிறோம். தோற்றிருந்தால் மெக்கை எவரும் வாங்கியிருக்கமாட்டார்கள்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். பொதுப்பணத்தில் செய்யப்படும் குழந்தைக் கல்வி மென்பொருளின் நிரலும் பாடமும் ஓவியமும் எவரும் படியெடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய உரிமத்தில் வெளிவரவேண்டும். விற்க நினைத்தாலும் விற்கமுடியாதபடி அது அமையவேண்டும். அதைச் செய்த ஆசிரியர்களின் பெயர் அதில் இருக்கவேண்டும். ஊரார் திருத்தம் சொன்னால் ஏற்பதற்கு ஒரு குழு நிலையாக இருக்கவேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு பதிப்பின் ஒரு படியும் நூலகத்தில் சேரவேண்டும்.

மூன்றாவது கோரிக்கை சிறுபத்திரிகை வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். 'எழுத்து' 1970இல் நின்றது. ஆனாலும் அதன் இதழ்களை யாரோ பரணில் வைத்திருந்தார்கள், யாரோ கட்டிச் சேர்த்தார்கள். இன்று நாம் படிக்கிறோம். நின்றுபோன இதழுக்குத் தாள் மிஞ்சும். கைவிடப்பட்ட மென்பொருளுக்கு அதுவும் மிஞ்சாது. அதை ஓட்டும் கருவியும் உடன்கட்டை ஏறிவிடும். 'ஆரிகன் டிரெய்ல்' 1974இல் பிழைத்தது ஓர் ஆசிரியர் பாதுகாத்த தாளினால். 2015இல் அதன் பழைய வடிவம் மறுபடி எல்லோருக்கும் கிட்டியது இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலாபநோக்கற்ற காப்பகத்தினால். இரண்டு முறையும் காத்தவர்கள் அதற்கு விலை கொடுத்தவர்கள் அல்லர்.

'அம்புலிமாமா'வின் வேதாளம் ஒவ்வொரு முறையும் கதை சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று எச்சரிக்கும். குழந்தையின் கல்வியை வாங்கியவர், விற்றவர், கைவிட்டவர் ஆகியோருள் குற்றவாளி யார் என்று அது இன்று கேட்டால், விற்பதற்கு விட்டுக்கொடுத்துப் பேசாமல் இருந்தவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டுதான் நாம் விடை சொல்லவேண்டியிருக்கும். நாம் சொல்லிவிட்டோம். வணிகவியல் நண்பர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.